‘மிஷன் எப்போது?’: மார்மன் இளைஞர்கள் மீதான குடும்ப, சமூக அழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்மன்கள் ‘மிஷன் போவது’ என்று எதைச் சொல்கிறார்கள்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டது ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. 1830இல் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இந்தச் சபையினரைத்தான் மற்றவர்கள் மார்மன்கள் என்கிறார்கள். இவர்களின் பிள்ளைகள் பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு, அல்லது கல்லூரியைப் பாதியில் நிறுத்திவைத்து, சொந்தச் செலவில் முழுநேர மதப்பணிக்குப் போகிறார்கள். பெரும்பாலும் வீடு வீடாகப் போய்த் தங்கள் மதத்தைப் பிரசங்கிக்கும் வேலை. இதைத்தான் ‘மிஷன்’ என்கிறார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு, எந்த ஊர் என்பதைச் சபைதான் முடிவு செய்யும்.

போன இடத்தில் எப்போதும் இரண்டு பேராகவே இருக்க வேண்டும். ஒருவர் கண்ணில் இருந்து இன்னொருவர் மறையக் கூடாது என்பது விதி. காதல், டேட்டிங் கிடையாது. துணி துவைக்க, கடைக்குப் போக வாரத்தில் ஒரு நாள். வீட்டோடு போனில் பேசுவது முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். 2019 பிப்ரவரியில் இருந்துதான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று ஆனது. 2024 முடிவில் உலகம் முழுக்க சுமார் 74,000 பேர் இந்தப் பணியில் இருந்தார்கள்.

இது கட்டாயமா?

போகாதவரைச் சபை நீக்குவதில்லை. அவர் ஆலயத்தில் (ஞாயிறு கூடும் கூடம் அல்ல, முக்கியச் சடங்குகளுக்கான தனிக் கட்டடம்) திருமணம் செய்துகொள்ளலாம், பொறுப்புகள் வகிக்கலாம். அந்த அளவில் கட்டாயம் இல்லை.

ஆனால் 1974இல் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல், இளைஞன் ஒவ்வொருவனும் மிஷன் போக வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். 2022 ஏப்ரலில் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் அதையே மறுபடி உறுதிப்படுத்தினார்: தகுதியும் உடல்திறனும் உள்ள ஒவ்வொரு இளைஞனுக்கும் இது குருத்துவக் கடமை (சபையில் ஆண்கள் ஏற்கும் ஊழியப் பொறுப்புதான் குருத்துவம்); பெண்களுக்கு விருப்பத்தைப் பொறுத்தது.

சிக்கல் அந்தத் ‘தகுதியும் திறனும்’ என்ற நிபந்தனையில்தான் இருக்கிறது. தகுதியும் திறனும் உள்ளவன் எல்லாம் போவான் என்றால், போகாதவனிடம் இரண்டில் ஒன்று இல்லை என்றுதான் அக்கம்பக்கம் கணக்குப் போடுகிறது. ஒன்று உடம்புக்கோ மனதுக்கோ ஏதோ இருக்கிறது, இல்லையென்றால் பாவம் ஏதோ செய்திருக்கிறான். ‘எனக்கு விருப்பமில்லை’, ‘எனக்கு அந்த அளவு நம்பிக்கை வரவில்லை’ என்ற காரணங்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அதனால்தான் போகாத பையன்கள் ஊர் வாய்க்குப் பயந்து இல்லாத முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

எல்லாக் காலத்திலும் இப்படித்தானா?

இல்லை. இதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. 19ஆம் நூற்றாண்டில் மிஷன் போனவர்களில் பெரும்பாலோர் கல்யாணமான ஆண்கள். பிரசங்க மேடையில் இருந்து பெயரை வாசிப்பார்கள், மனைவி மக்களை விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேவை இருந்ததால், ஒரு வார்டில் (உள்ளூர்ச் சபைக்கு அந்தப் பெயர்) இருந்து ஆறு மாதத்துக்கு ஒரு இளைஞர்தான் போகலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. அன்று போகாதவரை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. ‘ஒவ்வொருவனும்’ என்ற எதிர்பார்ப்பு இன்றைய தாத்தாக்களின் வாலிபத்தில் இறுகிய ஒன்று.

அழுத்தம் எந்த வயதில் ஆரம்பிக்கிறது?

மூன்று வயதில். ஞாயிறு சிறுவர் வகுப்பில், பெரியவனானதும் மிஷனுக்கு அழைக்கப்பட வேண்டும் என்று குழந்தைகள் பாட்டுப் பாடுகிறார்கள். பல வீடுகளில் மிஷனுக்கென்று தனி உண்டியல் இருக்கும். பையனுக்கு 12 வயதாகும் ஆண்டில் டீக்கன், 14இல் டீச்சர், 16இல் பிரீஸ்ட் என்று குருத்துவப் படிகள். அடுத்த படி எல்டர், அதற்கு 18 வயது. அந்த வயதுதான் மிஷன் வயதும். இதற்கு நடுவே, பதின்ம வயதில் சபையின் பேட்ரியார்க் (ஆசீர்வாதம் சொல்வதற்கென்றே நியமிக்கப்பட்டவர்) தலையில் கைவைத்து ஒரு ஆசீர்வாதம் சொல்வார். அதை எழுத்தில் தருவார்கள், வாழ்நாள் முழுக்கப் பத்திரப்படுத்துவார்கள். மிஷனைப் பற்றிய வரி அதில் வருவது சாதாரணம். அந்த வரி இருந்துவிட்டால் போகாமல் இருப்பது கடவுள் வாக்கை மீறுவதாகவே பையனுக்குத் தோன்றும்.

பல சபைக் கூடங்களின் நடைபாதையில் ஒரு உலக வரைபடம் மாட்டியிருக்கும். இப்போது பணியில் இருக்கும் வார்டு பிள்ளைகளின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நாட்டின் பெயர். ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் ‘போவாயா?’ என்று ஒருவரும் கேட்பதில்லை. ‘எங்கே போட்டால் நன்றாக இருக்கும்?’ என்றுதான் கேட்பார்கள். முதல் கேள்வி கேட்கப்பட்டிருந்தால்தானே அதற்கு ‘இல்லை’ என்று சொல்ல முடியும்? 18 வயது வரை அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. இந்த விஷயத்தில் மற்ற எதையும்விட முக்கியமானது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

யார் அழுத்துகிறார்கள்? பெற்றோர் மட்டும்தானா?

பெற்றோர்தான் முதல் என்றாலும், அவர்கள் மிரட்டுவது குறைவு. ‘இவனால் எங்களுக்கு எவ்வளவு பெருமை’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு மறுப்பது பெருமையைப் பிடுங்குவது போலாகிவிடும். சில வீடுகளில் நிபந்தனையும் உண்டு: மிஷன் முடித்தால் கல்லூரிக் கட்டணம் எங்கள் பொறுப்பு, கார் எங்கள் பொறுப்பு. தாத்தா பாட்டி செலவை ஏற்பதாகச் சொல்வது அன்பான காரியம்தான், ஆனால் பையன் தோளில் அது கடனாக ஏறிவிடுகிறது. அண்ணன்மார் எல்லோரும் போய் வந்த வீட்டில் கடைசிப் பையன் படும் பாடு தனி.

பெண்கள் பக்கம் இருந்தும் அழுத்தம் வரும். ‘மிஷன் முடித்தவனைத்தான் கட்ட வேண்டும்’ என்று இளம் பெண்களுக்குப் பல காலமாகச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ‘ஆர்எம்’ என்பது மிஷன் முடித்துத் திரும்பியவருக்கான சுருக்கப் பெயர். யூட்டாவில் சபையே நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழக வட்டாரத்தில் அது ஒரு பட்டம் மாதிரி. அங்கே முதலாண்டு முடிந்ததும் அறைத் தோழர்கள் ஒவ்வொருவராக மிஷனுக்குக் கிளம்பிவிடுவார்கள். தங்கிவிட்டவன் புதிதாகச் சந்திக்கும் ஒவ்வொருவரும் இரண்டாவது மூன்றாவது வாக்கியத்திலேயே ‘நீ எங்கே போயிருந்தாய்?’ என்பார்கள்.

2012இல் வயதைக் குறைத்தது என்ன மாற்றம் செய்தது?

2012 அக்டோபர் 6 அன்று அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19இல் இருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இல் இருந்து 19ஆகவும் குறைத்தார். அப்போது சுமார் 58,000ஆக இருந்த மிஷனரிகள் எண்ணிக்கை 2013 முடிவில் 83,000ஐத் தாண்டியது.

எண்ணிக்கை ஏறியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இழந்தது ஒரு வருடம். பழைய விதியில் பள்ளிக்கும் மிஷனுக்கும் நடுவே ஓராண்டு இருந்தது. வீட்டை விட்டுத் தள்ளி இருந்து, கல்லூரி விடுதியில் சமைத்து, பகுதிநேர வேலை பார்த்து, தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க ஒரு பையனுக்கு நேரம் கிடைத்தது. போக மாட்டேன் என்பவனுக்கும் அந்த ஓராண்டு ஒரு மறைப்பு. இன்று பள்ளி முடிந்த கோடையிலேயே வண்டி ஏறிவிடலாம் என்பதால், ஏறாதவன் செப்டம்பர் மாதத்துக்குள் தனியாகத் தெரிந்துவிடுகிறான். போகிறவர்களிலும் பலருக்கு வீட்டை விட்டு முதல் முறை வெளியே தங்குவதே வேறு நாட்டில், வேறு மொழியில், நாள் முழுக்க மறுப்பு வாங்கும் வேலையில் என்று ஆகிவிடுகிறது. பயம், தூக்கமின்மை, மன அழுத்தம் அங்கே தலைகாட்டினால் ஆச்சரியமில்லை.

பெண்களுக்கு இது விருப்பம்தானே?

சபையின் நிலை அதுதான். 2012க்குப் பிறகு போகும் பெண்கள் பெருகியதால் ‘நீயும் போகிறாயா?’ என்ற கேள்வி சகஜமாகிவிட்டது. 2025 நவம்பரில் அவர்களுக்கும் வயது 18 ஆனது. பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல இன்னும் வழி இருக்கிறது. சொன்னால் அடுத்த கேள்வி கல்யாணம் எப்போது என்பது.

விண்ணப்பம் எப்படி நடக்கிறது? எந்தக் கட்டத்தில் நிறுத்தலாம்?

முதலில் வார்டின் பிஷப்பிடம் பேச வேண்டும். அவர் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர். வாரநாளில் பல் மருத்துவராகவோ கணக்கராகவோ இருப்பார். அவர் இணையத்தில் விண்ணப்பத்தைத் திறந்து கொடுப்பார். அதில் சொந்த விவரம், படிப்பு, மொழி, கடன், உடல்நல, மனநல வரலாறு. மருத்துவரும் பல் மருத்துவரும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும். ஞானப்பல் தொந்தரவு இருந்தால் கிளம்பும் முன்பே பிடுங்கச் சொல்வார்கள், தடுப்பூசிகள் உண்டு. பிறகு பிஷப் நேர்காணல், அதன் பிறகு பல வார்டுகளுக்கு மேலே உள்ள ஸ்டேக் தலைவரின் நேர்காணல். அவர்தான் விண்ணப்பத்தை சால்ட் லேக் சிட்டிக்கு அனுப்புகிறார். சில வாரங்களில் அழைப்புக் கடிதம் இணையத்தில் வந்துவிடும்.

கடிதத்தைப் பிரிப்பது ஒரு விழா. கூடத்தில் உறவுக் கூட்டம், சுவரில் உலக வரைபடம், ஆளுக்கொரு ஊரை ஊகித்து ஒட்டிய துண்டுச் சீட்டுகள், வெளியூர் அத்தை சித்தப்பாவுக்காக நேரலை. நடுவில் பையன் செல்போனைப் பார்த்து ஊர்ப் பெயரை வாசிக்கிறான். அதற்குப் பிறகு ஏற்புக் கடிதம், ஆலயச் சடங்கு, வீட்டில் இருந்தே இணைய வழியில் முதல் கட்டப் பயிற்சி, அப்புறம் யூட்டாவின் புரோவோ நகரில் உள்ளது போன்ற பயிற்சி மையம். புது மொழி கற்க வேண்டியவர்களுக்குப் பயிற்சி அதிக வாரங்கள்.

நிறுத்த எளிதான இடம் பிஷப் நேர்காணலுக்கு முன். ஸ்டேக் தலைவர் அனுப்பும் வரையிலும் விஷயம் மூன்று நான்கு பேருக்குள்தான் இருக்கும். விழாவுக்குப் பின் நிறுத்துவது கடினம், ஆனால் முடியும். ஸ்டேக் தலைவரை நேரில் பார்த்துச் சொன்னால் போதும். சட்டப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. தயக்கம் உள்ளவர்கள் விழாவே வேண்டாம், கடிதத்தைத் தனியாகப் படிக்கிறேன் என்று சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். ஆலயச் சடங்கில் வாழ்நாள் வாக்குறுதிகள் கொடுக்க வேண்டும், அதன் பிறகு அணியும் உள்ளாடை வரை மாறும். அதற்கு முன்பாவது மனதில் உள்ளதைப் பேசிவிட வேண்டும்.

நேர்காணலில் எதையாவது மறைத்தால்?

இதுதான் அடிக்கடி நடந்து, அடிக்கடி கெட்டுப்போகும் விஷயம். கேள்விகள் ரகசியமில்லை, 2017இல் சபையே பட்டியலை வெளியிட்டது. நம்பிக்கை, பாலியல் ஒழுக்கம், கடன், வழக்கு, மனநலம் எல்லாம் கேட்பார்கள். ஊருக்குப் பயந்து ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டுப் போகிற பையன், அங்கே தினமும் மனந்திரும்புங்கள் என்று பிறருக்குப் போதிக்க வேண்டியிருக்கும். நாலைந்து மாதத்தில் அது உள்ளே அரிக்க ஆரம்பிக்கிறது. அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் ஒப்புக்கொள்கிறான், வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். கிளம்பும் முன் சொல்லியிருந்தால் சில மாதத் தாமதத்தோடு முடிந்திருக்கும்.

மனநல விவரத்தை மறைப்பது இன்னும் ஆபத்து. மாத்திரையைச் சொல்லாமல் போனால் அங்கே மருந்துச் சீட்டு கிடைக்காமல் பாதியில் நிற்கும். பதற்றம், மனச்சோர்வுக்கு சிகிச்சையில் இருப்பவர் தன் மருத்துவரிடம் ‘இரண்டு வருடம், தனிமை இல்லாத வாழ்க்கை, வாரம் ஆறு நாள் வேலை, நான் தாங்குவேனா?’ என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பெற்றோர் அந்த அறையில் இல்லாமல் இருப்பது நல்லது.

செலவு எவ்வளவு? யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்க மிஷனரிகளுக்கு, எந்த நாட்டுக்குப் போனாலும், 2020 ஜூலையில் இருந்து மாதம் 500 டாலர். அதற்கு முன் 400. இரண்டு ஆண்டுக்கு 12,000, பெண்களின் 18 மாதத்துக்கு 9,000. கோட்டு, காலணி, பெட்டி, மருத்துவப் பரிசோதனை தனி. மிஷனில் இருக்கும் பிள்ளைக்கு நேரடியாக அனுப்பும் பணத்துக்குப் பெற்றோர் வரிச் சலுகை கேட்க முடியாது என்று 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று பணம் வார்டு நிதி வழியாகவே போகிறது. அப்படிக் கொடுத்தது காணிக்கைக் கணக்கு, திரும்ப வராது. அதனால் மொத்தமாக முன்பணம் கட்டாமல் மாதாமாதம் கட்டுவதே நல்லது. ‘கட்டியாகிவிட்டதே’ என்ற ஒரே காரணத்துக்காக யாரும் தாங்க முடியாத இடத்தில் தொடரக் கூடாது.

போக விருப்பமில்லாதவர் வீட்டில் எப்படிச் சொல்வது?

முதலில் தன் ‘இல்லை’ எந்த வகை என்று அவருக்கே தெளிவாக வேண்டும். இப்போது வேண்டாமா, எப்போதுமே வேண்டாமா, பிரசங்கம் மட்டும் வேண்டாமா, நம்பிக்கையே போய்விட்டதா? நான்கும் நான்கு வேறு பேச்சுகள். முதல் வகையை நான்காவது மாதிரிச் சொன்னால் வீடு தேவையில்லாமல் கலங்கும். நான்காவதை முதலாவது மாதிரிச் சொன்னால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நெருக்கடி திரும்ப வரும்.

அம்மா, அப்பா இருவரில் யார் கொஞ்சம் பொறுமையாகக் கேட்பாரோ அவரிடம் தனியாகச் சொல்லலாம். ஞாயிறு சாப்பாட்டு மேசையில், தாத்தா பாட்டி முன்னால் வேண்டாம். வார்த்தை குறைவாக இருக்கட்டும்: ‘நான் மிஷன் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் மேல் கோபமில்லை. அடுத்த வருஷம் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்கிறேன்.’ சபை வரலாறு, கோட்பாட்டு வாதம் எதையும் அன்றைக்கே எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச்சு மிஷனை விட்டு விலகி, குடும்பம் இதுவரை வாழ்ந்தது சரியா தவறா என்று போய்விடும்.

‘இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது பாதுகாப்பான பதில் போலத் தோன்றும். வார்டின் காதில் அது ‘ஊக்கம் கொடுத்தால் வருவான்’ என்று விழும். அடுத்த வாரமே வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், பிரசங்கம் செய்யும் மிஷனரிகளோடு ஒரு நாள் சுற்றச் சொல்வார்கள். முடிவெடுத்தவர் முடிவைத்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோரின் பயத்தில் பாதி, பையன் திசை தெரியாமல் போய்விடுவான் என்பது. கல்லூரிச் சேர்க்கைத் தேதி, வேலை, வாடகைக் கணக்கு என்று கையில் ஒரு திட்டம் இருந்தால் அந்தப் பாதி அடங்கும். பேசும் முன் எதெல்லாம் பெற்றோர் கையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதும் அவசியம்: கார் காப்பீடு, செல்போன் கணக்கு, கல்விக் கட்டணம். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை இருக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டம். பிரிகாம் யங் பல்கலைக்கழக மாணவராக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அங்கே படிப்பைத் தொடர ஒவ்வோர் ஆண்டும் பிஷப் கையொப்பம் வேண்டும். மிஷன் போகாததால் அது மறுக்கப்படாது. சபையை விட்டே முறைப்படி விலகினால் படிப்பு போய்விடும். இரண்டையும் ஒரே நாளில் குழப்பிப் பேசிவிடக் கூடாது.

வீடு வீடாகப் போகாமல் வேறு வழி உண்டா?

சேவை மிஷன் உண்டு. வீட்டில் தங்கி, உணவு வங்கி, நலப்பணி மையம், சபை அலுவலகம் போன்ற இடங்களில் வேலை. 2019 முதல் இரண்டுக்கும் விண்ணப்பம் ஒன்றே. உடல்நிலை, மனநிலை காரணமாக வெளியே போக முடியாதவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் வார்டில் சிலர் இதை இரண்டாந்தரமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டியது பிஷப்பின் கடமை.

போகாதவருக்குச் சபையில் எதிர்காலம் இல்லையா?

தாமஸ் மான்சன், ரசல் நெல்சன், டாலின் ஓக்ஸ் என்று அடுத்தடுத்து சபைத் தலைவரான மூவருமே இளம் வயதில் முழுநேர மிஷன் போகாதவர்கள். அவர்கள் காலத்தில் போரும் ராணுவச் சேவையும் குறுக்கே இருந்தன, உண்மைதான். இருந்தாலும் மிஷன் இல்லாவிட்டால் நல்ல விசுவாசியே இல்லை என்று சொல்லும் பெரியவருக்கு இந்த மூன்று பெயரும் போதும்.

பாதியில் திரும்பி வந்தால் என்ன ஆகும்?

2015இல் வெளியான யூட்டா வேலி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, மிஷன் காலம் முடியும் முன் திரும்பிய 348 பேரிடம் கேட்டது. 73 சதவீதம் பேர் தோற்றுப்போனதாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். உடல்நலம், மனநலம் கெட்டுத் திரும்பியவர்களும் இதில் அடக்கம். இரண்டு வருடம் முடித்தவரை விமான நிலையத்தில் பலூனும் பதாகையும் வரவேற்கும். முன்னதாக வருபவர் அதே கதவு வழியாக அம்மா அப்பாவோடு அமைதியாக வெளியே வருகிறார். அடுத்த ஞாயிறு ‘அதற்குள் வந்துவிட்டாயா?’ என்று ஒருவர் கேட்பார். கேட்பவருக்கு அது வெறும் கேள்வி.

வீட்டார் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வரவேற்பு மற்றவர்களுக்குச் செய்த மாதிரியே இருக்கட்டும். வேண்டுமா என்று அவரைக் கேட்டுச் செய்யுங்கள். உறவினருக்கு ஒரே வரியில் செய்தி போதும்: ‘திரும்பி வந்துவிட்டான், எங்களுக்குச் சந்தோஷம், காரணம் கேட்காதீர்கள்.’ பணியில் இருந்து முறைப்படி விடுவிப்பவர் ஸ்டேக் தலைவர். அந்தச் சந்திப்பு விசாரணையாக மாறாமல் இருக்க, திரும்பி வந்தவர் விரும்பினால் பெற்றோரில் ஒருவர் உடன் போகலாம். முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சபையில் எழுந்து பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ‘எப்போது திரும்பப் போகிறாய்?’ என்ற கேள்வியைச் சில மாதம் தள்ளிவைக்க வேண்டும். சிலர் குணமாகி மறுபடி போகிறார்கள், ஆனால் வந்த வாரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் வெட்கத்தில் எடுப்பது. அடுத்த பருவத்துக்குக் கல்லூரியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது உடனே உதவும். காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டும்.

இந்தியாவில் இந்தச் சபையினர் நிலை?

இங்கே சபை சிறியது. பெங்களூருவை மையமாகக் கொண்ட மிஷன் 1993இல் தொடங்கியது. பரம்பரை மார்மன் குடும்பங்கள் குறைவு என்பதால், மிஷன் போக விரும்பும் இந்திய இளைஞர் பலருக்கு வீட்டு அழுத்தம் எதிர்ப்பக்கம் இருந்து வருகிறது: ‘சம்பாதிக்கிற வயதில் எதற்கு இது?’

மார்மன் நண்பர் ஒருவர் இந்த நெருக்கடியில் இருக்கிறார். வெளியாளாக நான் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் படிக்கும், வேலை பார்க்கும் நம்மவர்கள் இதைக் கேட்கிறார்கள். அவருடைய மதத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். அவர் குடும்பத்தையும் சபையையும் நேசிப்பவராக இருக்கலாம், கிண்டல் செய்தால் உங்களிடமும் பேச மாட்டார். போ, போகாதே என்று நீங்களும் ஒரு பக்கம் இழுக்க வேண்டாம். ‘போக வேண்டும் என்று உனக்கு இருக்கிறதா?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் முதன்முதலாகக் கேட்பவர் நீங்களாக இருக்கலாம். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். வீட்டில் சொல்லும் நாளன்று இரவு தங்க இடம் தேவைப்படுமா என்று விசாரித்து வையுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது சொன்னால் தனியாக விடாமல் கூடவே இருந்து 988 என்ற எண்ணை அழையுங்கள். அமெரிக்காவில் எந்த நேரத்திலும் எடுப்பார்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.